ராஜமாணிக்கத்தின் படகிலிருந்து யாரும் விழவில்லை

முதலில் ஒரு திருத்தம். என் மகன் பாபு தண்ணீரில் விழவில்லை.

பிச்சாவரம் படகுக்காரர் ராஜமாணிக்கம் நேற்றுக் காலை காலமானார். இந்தக் குழுவில் இரங்கல் எழுதும் நீங்கள் எல்லாரும், "வசந்தா மேடத்தின் பிள்ளையைத் தண்ணீரில் குதித்துத் தூக்கியவர்" என்று எழுதுகிறீர்கள். அவருடைய மகள் கலா காரியப் பத்திரிகையிலும் அதையே போடப் போகிறாளாம்.

அச்சுக்குப் போவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, முழுப் பரீட்சை முடிந்த முதல் ஞாயிறு எங்களுக்குப் பிச்சாவரம்தான். கடலூரில் முதல் பஸ், சிதம்பரத்தில் இட்லி, அங்கிருந்து இன்னொரு பஸ். கூடையில் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல்...

சதுப்புக் காட்டுக்குத்தான் போகிறோம் என்றாலும் சட்டை இஸ்திரி போட்டிருக்க வேண்டும். அது என் பழக்கம்.

ராஜமாணிக்கத்துக்கும் ஒரு பழக்கம் இருந்தது. படகில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையும் குனிந்து தண்ணீரைத் தொட வேண்டும்.

"ஆச தீர தொட்டுக்கோ கண்ணு. ஏறின பொறவு கை உள்ளதான் இருக்கணும்."

அதன் பிறகு ஒரு கையும் வெளியே நீளாது. நான் நாள் முழுக்கக் கத்தினாலும் நடக்காத காரியம்.

நீங்கள் எல்லாரும் சொல்கிற அந்த ஞாயிறன்று என் கையில் புது கேமரா. வேர்கள் தொங்கும் குறுகலான வாய்க்காலில் வெளிச்சம் அழகாக விழுந்தது. பிள்ளைகளைப் படம் எடுக்க எழுந்து நின்றேன்.

படகு சாய்ந்தது. ஓரத்தில் இருந்த பாபு ஆடினான். ராஜமாணிக்கம் துடுப்பை விட்டுவிட்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்... அவ்வளவுதான். பையன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"எம்மா, உக்காருங்க."

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு போட்டோ."

"நீங்க உக்கார்ற வரிக்கும் படகு நவுராது. புள்ளைங்க ஒழுங்காதான் இருக்குதுங்க. நீங்கதான் ஆடுறீங்க."

என் கணவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். கான்வென்ட் சிஸ்டர்களுக்குப் பிறகு என்னை அதட்டி உட்கார வைத்தவர் ராஜமாணிக்கம் ஒருவர்தான்.

உட்கார்ந்தேன்.

வீட்டில் அதைச் சொல்ல வெட்கம். "பாபு எட்டிப் பார்த்தான், படகுக்காரர் பிடித்தார்" என்று மாமியாரிடம் சொன்னேன். நாலு வீடு தாண்டுவதற்குள், அவர் குதித்துத் தூக்கியதாகக் கதை வளர்ந்துவிட்டது. நான் திருத்தவில்லை. என் கணவர் கடைசி வரை என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

இன்னொரு ஞாயிறு, தேவனாம்பட்டினம் கடற்கரையில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ராஜமாணிக்கம் குடும்பத்தோடு நின்றார். இடுப்பில் கைக்குழந்தையாகக் கலா. "படகு மாமா!" என்று கத்திக்கொண்டு என் பிள்ளைகள் அவரை ஊஞ்சலுக்கு இழுத்தார்கள்.

"வாணாம்ப்பா... கால் தரையில படலன்னா எனக்குத் தல சுத்தும்."

"தண்ணியில மட்டும் தரை இருக்குதா மச்சான்?" என்றார் என் கணவர்.

"அங்க என் படகு இருக்குதே மாமா!"

கடைசி வரை ஏறவில்லை. குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக ஆட்டிவிட்டார். அங்கேயும் யாரும் விழவில்லை.

பிறகு என் பேரப்பிள்ளைகளும் அவர் படகில்தான் போனார்கள். லைஃப் ஜாக்கெட் வந்த பிறகும் தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். அவரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை.

கலா, விழுந்த பிள்ளையைத் தூக்கினார் என்று போட்டால், அப்பா படகிலிருந்து ஒரு பிள்ளை விழுந்தது என்றாகிவிடும். எழுந்து நின்றது நான். வேண்டுமானால் அதையும் போட்டுக்கொள்.

போய் வாருங்கள், ராஜமாணிக்கம்.

பத்திரிகையில் எந்த வரி வருகிறது என்று, கலா, எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு. போன் வேண்டாம்.