உடும்புக்கு ஊசி போட்ட கை

செல்லப்பிராணிக் கடை வேலையில் எந்த நோயாளியும் நன்றி சொல்வதில்லை. தப்பித்தவறிச் சொன்னாலும் பக்கத்தில் சும்மா நிற்கிறவனுக்குத்தான் சொல்லும். பிள்ளையின் மூக்கைப் பிடித்துக் கசப்பு மருந்து பருக்கிவிட்டு, அதே பிள்ளை இனிப்போடு வந்த சித்தப்பாவின் மடிக்குத் தாவுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாமாரே, நீங்கள் என் கட்சி. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் வெம்பிளியில் அப்படியொரு கடையில் வேலை செய்தேன். முதலாளி மிஸிஸ் பார்க்கர் என்ற வெள்ளைக்கார அம்மா. கூட வேலை செய்தவன் நேசன், யாழ்ப்பாணத்துப் பொடியன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். நல்லவன். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

சப்பாத்துப் பெட்டியில் வந்தவர்

ஒரு தை மாதத்துக் குளிரில் ஜோர்ஜ் என்ற லொறி டிரைவர் காலணி வந்த சப்பாத்துப் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே துவாயில் சுற்றிய ஆப்பிரிக்க உடும்புக் குட்டி. என் முழங்கை நீளம்கூட இல்லை. கண் குழிவிழுந்து, தோல் தொங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஜோர்ஜ் வீட்டில் காசு போட்டால்தான் மின்சாரம் வரும் மீற்றர். அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் காசு முடிந்து, உடும்பின் சூட்டு விளக்கு அணைந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். சூடு வேண்டும், ஊசி வேண்டும், முட்டைக் கரைசலை வாயில் விட வேண்டும். பகல் முழுக்க லொறியில் இருக்கிறவர் என்ன செய்வார்?

மிஸிஸ் பார்க்கர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஊசி என்று கேட்டதுமே நேசன் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். ஆகவே வைத்தியரிடம் போய் ஊசி போடப் பழகியவன் நான். ஆனால் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே "கவலைப்படாதீர்கள்" என்று ஜோர்ஜுக்கு ஆறுதல் சொன்னவன் நேசன். ஜோர்ஜ் கலங்கிய கண்ணோடு என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல கையில்தான் விட்டுவிட்டுப் போகிறேன், நேசன்."

முகராசி

உடும்புக்கு ஊசி போடுவது லேசான வேலை என்று யாராவது நினைத்திருந்தால் என் வலது கன்னத்தைக் காட்டியிருப்பேன். முன்னங்காலைப் பிடித்து, தசையைத் தேடி, ஊசியை இறக்குவதற்குள் அது பாம்புபோலச் சீறி வாலைச் சுழற்றி ஒன்று வைக்கும். ஊசி முடிந்ததும் இளஞ்சூட்டு நீரில் குளிப்பு. பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாக முட்டைக் கரைசல். பாதி அதன் வயிற்றுக்கு, பாதி என் சட்டைக்கு.

இத்தனையும் நான் செய்ய, நேசன் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து "என்ர ராசா, என்ர குஞ்சு" என்று கதை சொல்லுவான். அது கண்ணை மூடிக் கேட்கும். நான் அந்தப் பக்கம் நடந்தாலே கழுத்தை ஊதிப் பெருக்கும். எனக்கு வந்தது பொறாமைதான், அதற்கு நல்ல பெயர் வேறு இல்லை. ஒரு நாள் வாலடி கன்னத்தில் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டது. நேசன் உண்மையான அக்கறையோடு என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"அண்ணை, கொஞ்சம் சிரிச்ச முகத்தோட ஊசியைப் போடுங்கோவன்."

கறிக்கு வந்தவர்

கிளித் தீனி வாங்க வரும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தொட்டியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். "உடும்பெல்லோ!" என்றார். மிளகும் உள்ளியும் எவ்வளவு போட வேண்டும், எத்தனை கொதி வர வேண்டும் என்று தொட்டிக்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கினார். நேசன் ஓடிப்போய்க் கையால் உடும்பின் இரண்டு காதுத் துளைகளையும் பொத்தினான். அதுவும் பொத்தவிட்டு அமைதியாக இருந்தது. நான் தொட்டிருந்தால் விரல் போயிருக்கும்.

"ஐயா, இதுக்கு நெஞ்சுச்சளி. உடம்பு முழுக்க மருந்து" என்று நான்தான் காப்பாற்றினேன். பெரியவர் யோசித்தார். பிறகு கிளித் தீனியை எடுத்துக்கொண்டு என் தோளில் தட்டினார்.

"அப்ப சுகப்பட்ட பிறகு சொல்லுங்கோ தம்பி. மருந்து இறங்க ஒரு கிழமை விட்டுட்டுச் சமைப்பம்."

சாம்பல் பொடி

பிறகு உடும்புக்கு நோய் கூடியது. மூக்கில் நுரை. விட்ட முட்டை அப்படியே வெளியே வழிந்தது. சீறக்கூட ஏலாமல் என் உள்ளங்கையில் துணிபோலக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சீறாத உடும்பு எனக்கு வேண்டாம் என்று அன்று தோன்றியது. அடி, கடி, என்னவென்றாலும் செய், செத்துமட்டும் போகாதே என்று கெஞ்சினேன். வைத்தியர் மருந்தை மாற்றி, தினமும் ஊசி போடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்து வந்து போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நேசன் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து உடும்பின் தலையில் ஒரு கீற்றுப் பூசினான். அவ்வளவுதான் அவன் செய்தது. திங்கட்கிழமை காலை அது தானாக எழும்பி ஒரு வெட்டுக்கிளியைக் கவ்வி விழுங்கியது. கடையே கைதட்டியது, நேசனுக்கு. எனக்குப் பிள்ளையாரோடு கோபமில்லை. ஆனால் ஊசியைப் பற்றி அவராவது இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிஸிஸ் பார்க்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நேசன், அந்தச் சாம்பல் பொடி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? பச்சைக் கிளிக்கும் உடம்பு சரியில்லை."

கோட்டு

உடும்பு தேறத் தேற என் பாடு மோசமாகியது. நேசன் நத்தையை நீட்டுவான். அது விரலில் படாமல் நத்தையை மட்டும் எடுக்கும். அவன் கல்லாவில் நிற்கும்போது தோளில் ஏறிப் படுத்திருக்கும். வாடிக்கையாளர்கள் படம் பிடித்தார்கள். படத்தின் ஓரத்தில் சிரிஞ்சோடு ஒரு கை தெரிந்திருக்குமானால் அது என்னுடையது.

ஒரு மத்தியானம் நேசன் சாப்பிடப் போன நேரம் அவனுடைய கோட்டைப் போட்டு, தொப்பியையும் மாட்டிக்கொண்டு, ஒரு நத்தையோடு தொட்டிக்குப் போனேன். "என்ர ராசா" என்று அவனுடைய குரலிலேயே கூப்பிட்டேன். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். உடும்பு வந்தது. கோட்டுக் கையில் ஏறியது. பிளந்த நாக்கை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. ஒரு கணம் யோசித்தது. பிறகு அந்தக் கோட்டில் முழங்கையிலிருந்து பொக்கற்வரை கழிந்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. திரும்பி வந்த நேசன் கோபிக்கவேயில்லை.

"தோய்ச்சுத் தாங்கோ அண்ணை. அது ஆளைத் தெரிஞ்சுதான் செய்திருக்கு."

போன நாள்

ஜோர்ஜ் வந்தார். சப்பாத்துப் பெட்டி இனிப் போதாது என்று பெரிய மரப்பெட்டி செய்து கொண்டுவந்திருந்தார். வீட்டு மீற்றரையும் மாற்றிவிட்டாராம். உடும்பைத் தூக்கிக் கொடுக்கும் பெருமை வழக்கம்போல நேசனுக்கு. ஒரு நாள்கூட அது என்னிடம் வராமலே போகப்போகிறது என்ற எரிச்சலில், மீதி மருந்துப் பையோடு ஹீற்றர் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

ஜோர்ஜ் கையை நீட்டிய நேரம் வாசலில் ஒரு பஸ் கிறீச்சென்று பிரேக் போட்டது. உடும்பு வெருண்டு பாய்ந்தது. ஜோர்ஜிடம் போகவில்லை. நேசனிடம் திரும்பவில்லை. என் நெஞ்சில் வந்து நாலு காலாலும் பற்றிக்கொண்டது. ஜோர்ஜ் இழுத்தார், என் ஸ்வெற்றர்தான் கிழிந்தது. உடும்புப் பிடி என்று ஊரில் சொல்வதை அன்றைக்குத்தான் நெஞ்சில் வாங்கினேன். அதன் நாக்கு என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. சீறவில்லை. கடைசியில் மிஸிஸ் பார்க்கர் வந்து ஒவ்வொரு நகமாகக் கழற்றி எடுத்தார்.

நேசன் வெறும் கையோடு நின்றான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். இத்தனை நாளாக நான் போட்டுக்கொண்டு திரிந்தது அது. பெட்டியோடு ஜோர்ஜ் வெளியே போனபின், என்னைப் பார்க்காமல் அவன் சொன்னான்:

"பெருசா நினைக்காதேங்கோ அண்ணை. நீங்கள் ஹீற்றருக்குப் பக்கத்தில நிண்டனீங்கள். அந்தச் சூட்டுக்குத்தான் வந்தது."

அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் உடும்பின் நெஞ்சுச்சளிக்கு எத்தனையோ ஊசி தேவைப்பட்டது, என் வயிற்றெரிச்சலோ அவனுடைய முகத்தை ஒருமுறை பார்த்ததும் ஆறிவிட்டது.