பேசாத பங்காளியும் பியூஸ் கட்டையும்

போன சித்திரையில் லீவில் வந்திருந்தபோது, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் என் அக்கா தோட்டத்தில் நடந்தது இது.

பத்தாவதை இரண்டாவது தடவைதான் தாண்டினேன். அப்புறம் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டினேன், சிங்காநல்லூரில் மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றினேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. கடைசியில் ராணுவத்தில் எலக்ட்ரீஷியன். ஜெனரேட்டர், சார்ஜர், ஹீட்டர் என்று எது நின்றாலும் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். பனியில் விரல் மரத்துவிட்டால், ஸ்க்ரூ டிரைவர் கையில் இருக்கிறதா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அது பழகிவிட்டது. லீவு என்றால் ஓய்வு என்று பெயர். வந்த மறுநாளே யார் வீட்டு மிக்ஸியாவது காத்திருக்கும்.

அந்தத் தடவை காத்திருந்தது கிணற்று மோட்டார். அக்கா வீட்டுக்காரருக்கும் அவருடைய பங்காளிக்கும் அது கூட்டுக் கிணறு. ஒரு நாள் இவர்களுக்குத் தண்ணீர், மறுநாள் அவர்களுக்கு. ஏதோ வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ரொம்ப நாளாகியிருந்தது. தண்ணீர் முறை மட்டும் தவறாது.

முந்தின நாள் மோட்டார் கேபிளின் இணைப்பு கருகிவிட்டது. அக்காவின் தென்னங்கன்றுகள் வாடிக்கொண்டிருந்தன. நான் மோட்டார் ரூமில் மெயினை அணைத்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் பட்டறை வழக்கம் அது. கை வைக்கிறவன் பையில்தான் கட்டை இருக்க வேண்டும். எந்த அதிகாரி கேட்டாலும் வேலை முடியாமல் தரக் கூடாது.

"இதையப் போயி ஆருங்க மாப்ள திருடப்போறாங்க?" என்று மச்சான் சிரித்தார். சிரித்துவிட்டு, வயரில் சுற்ற டேப் வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

நான் கிணற்றுப் படியில் இறங்கி உட்கார்ந்து, வயரைச் சீவி, வெறுங்கையால் முறுக்க ஆரம்பித்தேன். மேலே மோட்டார் ரூமில் மெயின் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது. அடுத்து ஸ்டார்ட்டர் பொத்தான். மறுபடியும் பொத்தான். என் இரண்டு கையிலும் செம்புக் கம்பி. குனிந்து சட்டைப் பையைப் பார்த்தேன். மூன்று கட்டையும் அங்கேயே இருந்தன.

கொஞ்ச நேரத்தில் பங்காளி மேலிருந்து எட்டிப் பார்த்தார். அன்று அவர் முறை. மோட்டார் ரிப்பேர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏனுங்க மாப்ள, கரண்டு வந்துருச்சுன்னாங்க, ஒண்ணையுங் காணமே?"

கம்பியைத் தூக்கிக் காட்டினேன். பையைத் தட்டிக் காட்டினேன். அவருக்குப் புரிந்ததும் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்தார். அந்த நேரம் பார்த்து மச்சான் டேப்போடு வந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ? உன்ற மச்சினனை நானே கொன்னுபோட்டிருப்பனே."

"நீ ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு சுச்சைப் போட்டிருக்கலாமல்லோ?"

பாக்கி வைத்திருந்த அத்தனையையும் இரண்டு பேரும் அங்கேயே பேசித் தீர்த்தார்கள். கீழேயிருந்து டேப் கேட்டுக் கத்திய என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்கா டீயோடு வந்த பிறகுதான் ஓய்ந்தார்கள். மோட்டார் ஓடியதும், முதலில் கன்றுகளுக்குப் பாயட்டும் என்று பங்காளியே வாய்க்காலைத் திருப்பிவிட்டார்.

ராணுவத்தில் பாஷை தெரியாத ஆட்களோடு சைகையிலேயே வேலை பார்த்து முழுசாகத் திரும்பியிருக்கிறேன். ஒரே பாஷை பேசுகிற இரண்டு பேர் பேசாமல் இருந்ததுதான் என்னை முடிக்கப் பார்த்தது. இப்போதெல்லாம் லீவில் எந்தத் தோட்டத்து மோட்டாரைத் தொட்டாலும், பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உட்காருகிறேன்.