முட்டி தளர்ந்தபோது வந்த குரல்

பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. மாரியம்மன் திருவிழாவில் சாமிப்பாட்டை முதலில் எடுத்துக் கொடுப்பவள் நான்தான்.

ஒரு விடிகாலை, மர நிரையின் கோடியில் புலியைப் பார்த்தேன். நான்கு மரம் தள்ளி நின்று என்னையே பார்த்தது. அடுத்த நிரையில் என் நாத்தனார் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன்; காற்றுகூட வரவில்லை. புலி தானாகத் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து பேச்சு வந்ததே தவிர, பாட்டு வரவில்லை. பாட வாயெடுத்தால் தொண்டை அடைக்கும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான். ஊரில் தேவாலயத்தில் பாடியவர். விஷயத்தைக் கேட்டு, "பின்னேரம் வீட்டுக்கு வாரும்," என்றார்.

பயந்துகொண்டே போனேன். ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "புலியைக் கண்ட நேரம் எப்பிடி நிண்டனீர்? அப்பிடியே நில்லும்," என்றார்.

நின்றேன்.

"எங்க இறுகுது? எனக்குத் தெரியாது, நீர்தான் சொல்லவேணும்."

"கால்வெரலு தரையைப் புடிச்சிக்கிதும்மா. முட்டி வெறச்சுப் போச்சு. மூச்சு வயித்துல நிக்குது."

"அப்ப தொண்டையை விடுவம். முட்டியை மட்டும் கொஞ்சம் தளர்த்தும்."

தளர்த்தியதும் அழுகை பொங்கியது. "அவளக் கூப்பிட முடியலம்மா," என்று கத்திவிட்டு ஓடிவந்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள் நானாகப் போய், "பால்வாளி தூக்குறப்ப மட்டும் மூச்சு நல்லா வருது," என்றேன். உடனே, வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்கும் காண்டாக் கம்பையும் இரண்டு வாளித் தண்ணீரையும் எடுத்துவரச் சொன்னார். கம்பைத் தோளில் வைத்து எழுந்தபோது வயிற்றிலிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. அவர் ஆர்மோனியக் கட்டைகளைத் தடவித் தடவி அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்தார்.

"இதுதான் உம்மட சுருதி. இங்கயிருந்து பாடும்."

திருவிழாவில் கூட்டத்தைக் கண்டதும் கால்விரல்கள் மறுபடி தரையைக் கவ்வின. முட்டியைத் தளர்த்தினேன். பாட ஆரம்பித்தேன்; பாட்டின் இரண்டாம் அடியில் குரல் உடைந்தது.

"பாடுங்கண்ணி, நாங்க இருக்கோம்லா," என்றாள் நாத்தனார்.

பாடி முடித்தேன். கடைசி அடிவரை நடுக்கம் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் பாட்டு எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருடம்கூடப் பயப்படாமல் பாடியதில்லை.