மருந்து பெற்ற பிள்ளை

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நாள் தாண்டியும் எனக்கு வலி எடுக்கவில்லை. ட்ரிப்ஸில் மருந்து ஏற்றி வலி வரவைக்கலாம் என்றார் டாக்டரம்மா. "அந்த வலியில உசுரே போயிடும்டி" என்று மாமியார் பயமுறுத்தியதில் இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன். குழந்தையின் அசைவு குறைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ட்ரிப்ஸ் ஏற்றிய ஆறு மணி நேரத்தில் நல்லபடியாகப் பிறந்தாள். தாங்கக்கூடிய வலிதான்.

"மருந்துதான பெத்துச்சி, நீயா பெத்த?" என்ற மாமியார், எனக்குப் பத்தியச் சோறுகூட ஆக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து நாத்தனாருக்கும் அதே ட்ரிப்ஸ். "நானும் இப்டிதான் பெத்தேன். மூச்ச மெதுவா வுடு" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். சுகப்பிரசவம்.

"எம்பொண்ணு எவ்ளோ வலி தாங்கினா!" என்று பூரித்தார் மாமியார்.

"மருந்துதான அத்த பெத்துச்சி?" என்றேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் இப்போது யாருக்கு ட்ரிப்ஸ் என்றாலும் துணைக்குப் போகிறேன். அவர்களின் மாமியார்களை மட்டும் வார்டு வாசல் தாண்ட விடுவதில்லை.