நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

பங்குனியில் என் மனைவி இறந்தாள். அவள் ஆசைப்பட்டு முன்பதிவு செய்திருந்த கார் சித்திரையில் செஞ்சியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆடி அமாவாசை கடந்தும் நான் அதை வாசலிலிருந்து எடுக்கவில்லை. "வித்துடுங்க மாமா, பாக்கவே கஷ்டமா இருக்குது" என்றான் அவள் தம்பி.

என்னால் ஓட்ட முடியுமா என்று பார்க்க, இணைய விளையாட்டு ஒன்றின் கற்பனை உலகத்துக்குள் போனேன். அங்கே ஆட்கள் தாங்களே வண்டிகளை உருவாக்கி விற்பார்கள்; வாங்குமுன் ஓட்டிப் பார்க்கலாம். திண்டிவனத்துக்காரர் ஒருவர் அங்கே தான் உருவாக்கிய காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தேன். கை அசையவில்லை.

"இன்னா சார், தூங்கிட்டீங்களா?" என்றது ஹெட்போனில் அவர் குரல்.

"சக்கரத்துக்குப் பழம் வைக்கல. என் வீட்டுக்காரம்மாதான் வைப்பாங்க. அவங்க இப்ப இல்ல."

"ஓசி வண்டிக்குப் பூசையா?" என்று சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில் நான்கு மஞ்சள் உருண்டைகளைச் செய்து சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். "இப்ப எடுங்க சார்."

எடுத்தேன். சக்கரம் ஏறியும் பழங்கள் நசுங்கவில்லை.

"நசுங்குற மாதிரி செய்யத் தெரியல சார். மன்னிச்சிக்குங்க."

எனக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. ஆனால் முன்பின் தெரியாத இவரிடம் வாய்விட்டுச் சொன்ன நான், துக்கம் விசாரிக்க வந்த ஒருவரிடமும் எந்த உதவியும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மைத்துனனுக்குப் போன் செய்தேன். "விக்க வேணாம்டா. நீ வந்து சக்கரத்துக்குப் பழம் வெச்சிக் குடு."