படிவத்தில் நான் வட்டமிட்ட எண்

மருந்து ஏற்றும் நாளில் மருத்துவமனையில் முதலில் கையில் கொடுப்பது ஒரு படிவம். கடந்த வாரம் வாந்தி இருந்ததா, தூக்கம் வந்ததா, வீட்டு வேலை செய்ய முடிந்ததா, விரல்கள் மரத்துப் போயினவா என்று கேட்டிருக்கும். இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம் என்று நான்கு கட்டங்கள். கடைசியில், மொத்தத்தில் உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி. மிக மோசம் என்றால் ஒன்று, மிக நன்று என்றால் ஏழு.

சிகிச்சை நடந்த நாட்களில் நான் எப்போதும் ஆறை வட்டமிடுவேன். ஏழு போட்டால் நம்பமாட்டார்கள் என்று தோன்றும்.

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது என் மகளுக்கு இரண்டு வயது. இரண்டாம் முறை மருந்து ஏற்றப் போனபோது, பக்கத்து இருக்கையில் இருந்த வேறொரு நோயாளி அம்மாவை இரத்த அணுக்கள் குறைவு என்று அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்து நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன்: குறை சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பினால் குழந்தை?

நான்காம் முறைக்குள் விரல் நுனிகள் மரத்துவிட்டன. மகளின் சட்டைக்குப் பட்டன் போட முடியவில்லை. தூக்கமாக இருக்கிறது என்று சொல்லி அந்த வேலையைக் கணவரிடம் தள்ளினேன். படிவத்தில் ‘இல்லவே இல்லை’. பேருந்தில் திருவொற்றியூர் திரும்பும் வரை செய்தது சரியா என்று யோசித்துக்கொண்டே வருவேன். விரல் போனால் போகட்டும், உயிர் இருந்தால் போதும் என்று இறங்கும்போது சமாதானமாகிவிடும்.

என் நாத்தனார் காசிமேட்டுத் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் விற்கிறாள். ஒரு புதன்கிழமை காலை, குழம்புக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கூடையைக் காட்டினாள். நல்ல மீனை அழுத்தினால் சதை உடனே எழும்பும் என்பது இந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பழகியிருந்தது. ஒரு சங்கரா மீனை அழுத்திப் பார்த்து எடுத்தேன்.

“அண்ணி, அது நேத்து ஐஸ் மீனு. பூனை கூட அத மோந்துட்டுப் பூடும்.”

“அழுத்திப் பாத்துத்தான் எடுத்தேன்.”

அவளும் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது. பிறகு என் கையைப் பார்த்தாள்.

“இந்த ரத்தம் மீனோடதா, உன்னுதா?”

கழுவிப் பார்த்தோம். மீனின் முதுகு முள் கட்டைவிரலில் ஆழமாக ஏறியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

“எத்தினி நாளா இப்டி கீது?”

“ஒரு மாசமா.”

“டாக்டராண்ட சொன்னியா?”

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டாள்.

“எங்கண்ணன் பொண்டாட்டி பி.காம்னு தெருவெல்லாம் சொல்லிகினு கீறேன். நீ இன்னாடான்னா கேட்ட கேள்விக்கே பொய் எழுதிகினு வந்துகீற. நான் கூட நேத்து மீன நேத்து மீனுன்னு சொல்லித்தான் விக்கிறேன்.”

கூடையைப் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் என்னோடு ஆட்டோவில் ஏறினாள். மருத்துவமனையில் என் கட்டைவிரலைப் பிடித்து நர்ஸம்மாவின் முகத்துக்கு நேரே காட்டினாள். நர்ஸம்மா காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுவிட்டு என் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தார்.

“இத பாத்துதாம்மா டாக்டர் மருந்த அளந்து குடுக்குறாரு. நீங்க நல்லாருக்குன்னு எழுதினா அதே அளவுதான வரும்? நாங்க இன்னா ஜோசியமா பாக்குறோம்?”

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. மருந்தின் அளவைக் குறைத்தார்; சிகிச்சை நிற்காது என்று இரண்டு முறை சொன்னார். இப்படியே விட்டிருந்தால் உணர்ச்சி திரும்பாமலே போயிருக்கலாம் என்றார். வெளியே வந்ததும் நாத்தனாருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். “அதெல்லாம் அப்பால. என் கூடை அங்க இன்னா ஆச்சோ” என்று ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். அன்று அவளுக்கு வியாபாரம் இல்லை. அதைப் பற்றி இன்றுவரை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. பரிசோதனைக்குப் போகும்போது இன்னும் அதே படிவம்தான். ‘கொஞ்சம்’ போடலாமா, ‘ஓரளவு’ போடலாமா என்று இப்போதும் பேனா தயங்கும். போன முறை துணைக்கு வந்திருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

“கடைசியில இன்னா போட்ட?”

“அஞ்சு.”

“ஏன் அஞ்சு?”

“கால் விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கு. ஆனா காலையில பாப்பா சட்டைக்கு நாலு பட்டனும் நானே போட்டேன்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப அஞ்சு சரிதான். குட்த்துட்டு வா.”

நான் எழுந்து போய்க் கொடுத்தேன்.