தம்போயிலிருந்து குளுவாங்: பேசாத ரேடியோவுடன் ஐம்பது மைல்

விமானத்தில் ஏறச் சொல்லிச் சின்ன துரை என்னைக் கூப்பிட்ட விதத்தைத்தான் முதலில் கவனித்தேன். உள்ளங்கை மேலே பார்க்க, ஒற்றை விரலை மட்டும் மடக்கி மடக்கிக் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்தில் நாயைக்கூட யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் போனேன்.

அது டிசம்பர் மழைக்காலம். நான் மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்கார மேனேஜரான பெரிய துரை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயா. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இந்த வேலைக்கு வந்தேன். பிள்ளைகளோடு ஜோகூர் பாருவில் தங்கியிருந்தபோது, அம்மா காய்ச்சலில் படுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு ஒன்றரை வெள்ளி, நாலு மணி நேரப் பயணம். அந்த வாரம் பாதையில் தண்ணீர் நின்றதால் ரயில் ஓடவில்லை. பெரிய துரையின் சிறிய விமானத்தை, அவருக்கு உதவி மேனேஜரான சின்ன துரை தோட்டத்துக்குத் திருப்பி ஓட்டிப் போகிறார், ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார்கள். ஜோகூர் பாருவிலிருந்து தம்போய் விமானத் திடலுக்கு வாடகைக் காரில் முப்பது காசு. விமானத்துக்குக் காசு கேட்கவில்லை.

விமானத்துக்குக் கூரை கிடையாது. முன் குழியில் நான், பின் குழியில் ஓட்டுபவர். இருவருக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய். அதில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். என் முழங்காலுக்கு எதிரே ரேடியோ பெட்டி. தோட்டத்து ஆபீசில் இதே போல் இன்னொரு பெட்டி இருக்கிறது. திடல் காய்ந்திருக்கிறதா, மாடு மேய்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்று ஆபீஸ் கணக்கர் ஸ்டீபன் கிராணி அதில் சொல்வார். ஓட்டுபவர் காதில் மாட்டிய கருவியில் அதைக் கேட்டுக்கொண்டு இறங்குவார்.

"பெட்டியில செவப்பு வெளக்கு எரியணும். அணைஞ்சா சொல்லு. கத்தாதே," என்றார் சின்ன துரை. சீமையிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது; தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர். நான் தலையை மட்டும் ஆட்டினேன். குழாயில் பேசாமலே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பினோம். நேர்வழியில் ஏறக்குறைய ஐம்பது மைல், நாற்பது நிமிடம். ஆனால் கூலாய்க்கு மேலே கறுத்த மழை நின்றது. அதைச் சுற்றிப் போனதில் இருபது நிமிடம் கூடியது. என் தலைக்கு மேல் இறக்கையின் அடியில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். தம்போயில் பெட்ரோல் கிடைக்கவில்லை, இருப்பதே போதும் என்று கிளம்பியிருந்தோம்.

லாயாங் லாயாங் தாண்டியதும் விளக்கு அணைந்தது. நான் சொல்வதற்குள் அவரே கேட்டுவிட்டார். "சத்தம் போச்சு. வெளக்கு?"

"இல்லிங்க தொரை."

வயரைப் பிடுங்கித் துடைத்துச் செருகச் சொன்னார். செருகினேன். பெட்டியின் பக்கவாட்டில் தட்டச் சொன்னார். தட்டினேன். மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. கவிழ்த்தால் ஒழுகும் போலிருந்தது. "சரி, விடு," என்றவர், விமானத்தைத் தாழ்த்தி ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டார். ரெங்கம் ஸ்டேஷன் தெரிந்தது. பிறகு எங்கள் தோட்டத்துத் திடல்.

திடலின் இரண்டு ஓரத்திலும் ஆட்கள் நின்றார்கள். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையாக. எல்லோரும் கையை ஆட்டினார்கள். மழையில் திடல் ஊறியிருந்தால் சக்கரம் புதைந்து விமானம் கவிழும். அதைச் சொல்ல வேண்டிய பெட்டி என் எதிரே செத்துக் கிடந்தது. இரண்டு முறை சுற்றினோம்.

"கைய கீழே தள்றான். எறங்காதே, போன்னு சொல்றான்," என்றார் சின்ன துரை. விமானத்தின் மூக்கு தெற்கே திரும்பியது. அந்தப் பக்கம்தான் மழை. கண்ணாடிக் குழாயில் விரலளவு பெட்ரோல்கூட இல்லை.

நான் எட்டிப் பார்த்தேன். முகம் தெரியவில்லை, கைகள் தெரிந்தன. உயரப் போய், உள்ளங்கை கீழே பார்க்க, நெஞ்சுப் பக்கமாக இறங்கின. காக்காயை விரட்டுகிறவர்கள் கையை வெளியே வீசுவார்கள். இது அதில்லை. குழாயை எடுத்தேன்.

"தொரை, போன்னு இல்லிங்க. வான்னு கூப்பிடுறாங்க."

"என்ன?"

"எங்காளுங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"தப்பா இருந்தா கவிழ்ந்து சாவோம். தெரியுமா?"

"தெரியும்."

நான் கையைக் காற்றில் நீட்டி அவருக்குத் தெரியும்படி அதே மாதிரி செய்து காட்டினேன். காற்று கையைப் பின்னால் இழுத்தது. மறுபடி செய்தேன். விமானம் திரும்பியது.

பத்து மணி இருபது நிமிடத்துக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. சேறு தெறித்தது, புதையவில்லை. ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"அலமாக்! தோள்பட்ட கழண்டு போற மாதிரி வா வான்னு கூப்பிடுறோம், நீங்க பாட்டுக்குச் சுத்திட்டுப் போறீங்களே தொரை!" என்றார் ஸ்டீபன் கிராணி.

"சும்மா இருங்க கிராணி. தொரை மேலேருந்து பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுறார்லா," என்றார் புல்வெட்டுக் கங்காணி அந்தோணி மாமா. எல்லோரும் சிரித்தார்கள். என்ன நடந்தது என்று சின்ன துரையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் வெறும் கஞ்சி குடித்தால் போதும். காதில் பஞ்சு வையுங்கள், முக்காட்டை இறுக்கிக் கட்டுங்கள். டிசம்பரில் பெட்ரோல் நிறைய இல்லாமல் ஏறாதீர்கள். ரேடியோ பெட்டியை எண்ணெய்த்துணியில் சுற்றச் சொல்லுங்கள். ரேடியோ பேசாவிட்டால் தண்டவாளத்தை விடாமல் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கீழே நிற்பவர்கள் இறங்கு என்பதற்கு என்ன காட்டுவார்கள், இறங்காதே என்பதற்கு என்ன காட்டுவார்கள் என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆட்கள் விமானத்தைத் தள்ள ஆரம்பித்தபோதும் நான் குழிக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். சின்ன துரை புல்லில் நின்று, ஒற்றை விரலை மடக்கி என்னைக் கூப்பிட்டார். நான் எழவில்லை. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, மேலிருந்து கீழாக, பழக்கமில்லாத கையால் இரண்டு தரம் ஆட்டினார்.

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, அம்மாவைப் பார்க்க, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தேன்.